பாறை சொல்வதும் சொல்லாததும்

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் ஒரு நடைமுறை இருந்தது. குளிப்பை அறிவிக்கும் முன் அரசு அதிகாரிகள் முத்துப் பார்களில் மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துகளுக்கு விலை மதிப்பிடுவார்கள். சிப்பி முதிரவில்லை என்றாலோ, மதிப்பு போதவில்லை என்றாலோ அந்த ஆண்டு குளிப்பு கிடையாது. 'வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் அந்தச் சோதனைக்கு இருந்தது.

இன்று மாதிரி எடுக்கப்படுவது பாறையில். காவிரிப் படுகை தெற்கே மன்னார் வளைகுடா வரை நீள்கிறது. அதன் ஆழத்தில் உள்ள ஆண்டிமடம் அடுக்கு போன்ற ஷேல் களிப்பாறைகளே எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மூலப்பாறைகள். பாறைத் துணுக்கைப் பொடியாக்கி, அதில் கரிமக் கார்பன் எத்தனை விழுக்காடு என்று முதலில் பார்க்கிறார்கள். பின்னர் அதை 300 டிகிரியிலிருந்து 650 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுகிறார்கள். முதலில் வெளிவருவது பாறையில் ஏற்கெனவே உருவாகித் தங்கிய எண்ணெய்; அடுத்து வருவது இனி உருவாகக்கூடியது. இரண்டாவது வெளியீடு உச்சம் தொடும் வெப்பநிலை ஏறத்தாழ 435 டிகிரிக்குக் கீழே இருந்தால் பாறை இன்னும் பக்குவப்படவில்லை என்று பொருள்.

இது நேர்த்தியான அறிவியல். ஆனால், பாறைக்குத் திறன் உண்டா என்பதை மட்டுமே அது சொல்லும்; எடுப்பது இலாபமா, எடுக்கலாமா என்பதைச் சொல்லாது. அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் 2013-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி காவிரிப் படுகை ஷேலில் உள்ள எரிவாயு சுமார் 30 லட்சம் கோடி கன அடி. தொழில்நுட்பரீதியாக எடுக்கக்கூடியது அதில் 5 லட்சம் கோடி மட்டுமே. அந்த ஐந்திலும் செலவுக் கணக்கு சேரவில்லை. ஷேலை உடைக்க ஒரு கிணற்றுக்கே கோடி லிட்டர் கணக்கில் நீர் வேண்டும். தாமிரவருணியை நம்பியிருக்கும் வறண்ட கரைக்கு இது சிறிய செலவல்ல.

வளைகுடாவின் மறுகரை ஒரு பாடம் தருகிறது. இலங்கையின் மன்னார் படுகையில் கெய்ர்ன் நிறுவனம் 2011-இல் டொராடோ, பாரகுடா ஆகிய இரு கிணறுகளில் எரிவாயுவைக் கண்டது. 2015-இல் அது வெளியேறியது. அந்த வாயு இன்னும் சந்தைக்கு வரவில்லை. இருப்பு வேறு, செல்வம் வேறு.

நம் பக்கத்திலோ, எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று 2020 ஜனவரியில் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. அதே ஆண்டு தமிழக அரசு இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தின் வேலி டெல்டாவோடு நின்றுவிட்டது. 2025-இல் ராமநாதபுரம் பகுதியில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு அனுமதி தரப்பட்டது. எதிர்ப்பு எழுந்த பிறகே அதைத் திரும்பப் பெறுமாறு மாநில அரசு அறிவுறுத்தியது. முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி கடைசியில் கேட்கப்பட்டது.

'இது வெறும் ஆய்வுதானே' என்பார்கள். ஆய்வில் கொட்டிய பணம், உற்பத்தியைக் கேட்டு நெருக்கும் என்பது பொருளியலின் அரிச்சுவடி. எனவே துளையிடும் முன்பே மூன்று விவரங்களைத் தமிழில் வெளியிட வேண்டும்: பாறைச் சோதனை முடிவுகள், எந்த அளவுக்குக் கீழே இருந்தால் திட்டம் கைவிடப்படும் என்ற வரம்பு, மீனவர் வருவாய் இழப்பையும் சேர்த்த முழுச் செலவு.

21 தீவுகளும் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பும் கொண்ட உயிர்க்கோளக் காப்பகம் இது. இங்கே கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. ஆண்டுதோறும் மாதிரி பார்த்துக் கணக்கிட்ட கடலிலேயே முத்து மீளவில்லை. கணக்கே பார்க்காமல் இறங்கினால் எதை இழப்போம் என்பதையாவது முதலில் தெரிந்துகொள்வோம்.