துடுப்பு யார் கையில்?

கடற்பறவை காணப் படகேறுவது இன்று பல நாடுகளிலே பெரும் வாணிபம். தென் அமெரிக்கப் பெரு நாட்டிலே, பராகாஸ் துறையிலிருந்து காலைதோறும் விசைப்படகுகள் புறப்படுகின்றன; பயெஸ்தாஸ் தீவுகளைச் சுற்றி வருகின்றன. பாறை தெரியாதபடி பறவைக் கூட்டம்! நீர்க்காகம் உண்டு, கூழைக்கடா உண்டு, பென்குவினும் உண்டு. வழிகாட்டி கைநீட்டிக் காட்டுவார். பயணிகள் கண்குளிரக் காண்பர். ஆனால், தீவிலே ஒருவரும் கால் வைக்கக் கூடாது. படகிலிருந்தே பார், பார்த்துவிட்டுத் திரும்பு என்பதே அங்கு விதி!

நல்ல விதிதான். அந்த விதி பிறக்கும் முன்னர், அந்தக் கடலிலே நடந்தது என்ன தெரியுமா, தோழர்களே?

பயெஸ்தாசுக்கு அருகே இருப்பவை சிஞ்சா தீவுகள். நூற்றாண்டு நூற்றாண்டாகப் பறவைகள் இட்ட எச்சம் அங்கே மலையெனக் குவிந்து கிடந்தது. 1840ஐ ஒட்டி ஐரோப்பிய வணிகன் அதை மோப்பம் பிடித்தான். வயலுக்கு இதைவிட நல்ல உரமில்லை என்று கண்டான். கப்பல் கப்பலாக அள்ளினான். அவனா அள்ளினான்? அள்ளியவன் சீனத்து ஏழை! 1849 முதல் ஒப்பந்தக் கூலியாகப் பெருவுக்குக் கொண்டுவரப்பட்டவன். நெடியேறும் தூசியிலே, நிழலற்ற பாறையிலே, சாட்டைக்கு நடுவே வெட்டினான். தாளாமல் தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டோர் பலர். இலங்கைக் காப்பித் தோட்டத்துக்கும் மொரீசியஸ் கரும்புக் காட்டுக்கும் நம்மவர் கப்பலேற்றப்பட்ட காலமும் அதுவே! செல்வம் வணிகனுக்கு, சாவு கூலிக்கு! பறவைக்கோ இருந்த இடமும் போயிற்று. குவியல் கரைந்த பிறகு, 1909லேதான் பெரு அரசு, எச்சத்தை அளந்து எடுக்கவும் பறவையைக் காக்கவும் ஒரு நிறுவனம் அமைத்தது.

பெரு எங்கே, நம் ஊர் எங்கே என்று திண்டிவனத்துத் தோழரும் விழுப்புரத்துத் தோழரும் கேட்கலாம். கேட்கட்டும். நம் மாவட்டத்திலேயே, மரக்காணம், வானூர் வட்டங்களிலே கழுவெளி விரிந்து கிடக்கிறது. மழையிலே நிறைந்து கோடையிலே வற்றும், ஆழமில்லாத நீர்ப்பரப்பு. கடலுப்பும் ஆற்றுநீரும் கலக்கும் இடம். ஆண்டுதோறும் வட ஆசியக் குளிர்நாடுகளிலிருந்து பறவைகள் வந்து இறங்குகின்றன. 2021 டிசம்பரிலே கழக அரசு 5,151 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டிலே ராம்சர் பட்டியலிலும் இடம் கிடைத்தது. பெயர் வந்துவிட்டது. பெயர் வந்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் படகு வரும். படகு வந்தால் முதலாளியும் வருவான்!

அப்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: துடுப்பு யார் கையில்?

கழிமுகத்திலே வலைவீசும் மீனவர், சேற்றிலே கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர், உப்பளத்திலே கால் வெடிக்க உழைக்கும் தொழிலாளர், இவர்கள் கரையிலே நின்று கைகட்டிப் பார்க்க, நகரத்து முதலாளி கட்டணம் வசூலிப்பதா?

"ஏழைக்குப் பறவை என்றால் குழம்பு, அவனிடமா காவலை ஒப்படைப்பது?" என்பார் சிலர். மதுராந்தகம் பக்கத்திலே இருக்கும் வேடந்தாங்கலைக் காட்டுகிறோம் அவர்களுக்கு! பறவையைச் சுட்டவர் யார்? வெள்ளைக்காரச் சிப்பாய். காத்தவர் யார்? ஊர் மக்கள்! செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டு, 1798 வாக்கிலேயே பாதுகாப்பு ஆணை பெற்றவர்கள் அவர்கள். எச்சம் கலந்த ஏரிநீர் பயிரைச் செழிக்க வைக்கும் என்பதை ஏடு படித்து அறியவில்லை. ஏர் பிடித்து அறிந்தார்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டாலும், பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. பெருவிலே வணிகன் உரத்துக்காகப் பறவையை விரட்டினான். வேடந்தாங்கலிலே உழவன் உரத்துக்காகப் பறவைக்குக் காவல் நின்றான்!

ஆகவே நாம் சொல்கிறோம்: ஆழமற்ற கழுவெளியிலே விசைப்படகின் இரைச்சல் கூடாது. பறவை மிகுந்து தங்கும் காலத்திலே கரையிலிருந்து பார்ப்பதே போதும். படகு விடலாம் என்று அறிந்தோர் சொன்னால், அது துடுப்புப் படகாக இருக்கட்டும், எட்ட நிற்கட்டும். படகோட்டியும் வழிகாட்டியும் கழுவெளிக் கரையோர ஊர்களின் மக்களாகவே இருக்கட்டும். அவர்களது கூட்டுறவுச் சங்கம் கட்டணம் பெறட்டும். ஒப்பந்தக்காரருக்கு அங்கே வேலையில்லை.

எந்த மாதம் எந்தப் பறவை வரும், எந்த மேட்டிலே இறங்கும் என்று அந்த மக்களுக்குத் தெரியும். அந்த அறிவுக்குக் கூலி கொடுங்கள். பறவை வாழ்ந்தால் பிழைப்பு உண்டு என்று ஆனால், காவலுக்கு ஆள் தேட வேண்டியதில்லை. கரை முழுதும் காவலே!