தோண்டும் முன் யாரைக் கேட்பது?

தில்லியில் மண் அள்ளும் இயந்திரம் என்றாலே இடிப்பு அரசியல்தான் நினைவுக்கு வரும். 2024 நவம்பர் 13-ம் தேதி உச்ச நீதிமன்றம் அதற்கு ஒரு வரம்பு கட்டியது. சாலை, நீர்நிலை போன்ற பொது இடங்களின் ஆக்கிரமிப்பு நீங்கலாக, குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பின்றி எந்தக் கட்டடத்தையும் இடிக்கக் கூடாது என்றது தீர்ப்பு. வரவேற்கத்தக்கதுதான். ஆனால், அதே இயந்திரம் அடுத்த வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டிப் பள்ளம் தோண்ட வந்து நிற்கும்போது, அந்த வீட்டுக்காரருக்கு யார் முன்னறிவிப்பு தருகிறார்கள்?

பெங்களூருவில் இக்கேள்வி ஏட்டளவில் நிற்பதல்ல. முப்பதுக்கு நாற்பது அடி மனையில் வாகனம் நிறுத்தத் தரைக்குக் கீழே ஒரு தளம் வேண்டும் என்று விரும்பாத கட்டுநர் அங்கே குறைவு. 2020 பிப்ரவரியில் ஹெப்பாளை அடுத்த கெம்பாபுரத்தில், பக்கத்து மனையில் அவ்வாறு தோண்டப்பட்டதையடுத்து ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று சாய்ந்தது. குடியிருந்தோர் அவசரமாக வெளியேற்றப்பட்டனர். கட்டடம் பிறகு இடிக்கப்பட்டது. 2023 மார்ச்சில் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் குடிநீர் வாரியப் பணிக்காகத் தோண்டியபோது எரிவாயுக் குழாய் உடைந்து, வெடிப்பில் சிலர் காயமடைந்தனர். முதலாவது தனியார் மனை, இரண்டாவது அரசுப் பணி. ஆகவே, இது தனியாரின் பேராசை என்றோ அரசின் அலட்சியம் என்றோ ஒரே சொல்லில் முடித்துவிட இயலாது.

கோளாறின் ஒரு முக்கிய வேர் வாடகை முறையில் இருக்கிறது. தமிழகத்தில் பொக்லைன் என்று நாம் சொல்வது ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர். ஜேசிபி பிரிட்டன் நிறுவனத்தினுடையது. (மண் அள்ளும் இயந்திரங்கள் செய்யும் பொதுத்துறை நிறுவனமான பெமல், 1964-ல் தொடங்கப்பட்டு பெங்களூருவையே தலைமையகமாகக் கொண்டிருந்தும், அதன் பெயர் மக்கள் நாவில் ஏறவில்லை என்பது வேறு விஷயம்.) பெயர் எதுவாயினும் இயந்திரம் மணிக்கணக்கில்தான் வாடகைக்கு வருகிறது. மணிக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டும் வாடகை இயந்திரத்தின் மணிமானி ஓடுவதைப் பொறுத்தது. மனைக்காரருக்குச் சீக்கிரம் முடிய வேண்டும். உரிமையாளர் பலருக்கு மாதத் தவணை கட்ட வேண்டும். அடுத்த இடத்தில் வண்டியை எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கான நேரத்துக்கு இந்தக் கணக்கில் யாரும் கூலி தருவதில்லை.

ஒரு காலத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து மண்வெட்டியும் கடப்பாரையுமாகப் போன நம்மவர்கள் அந்நகரில் மண் வெட்டினார்கள். கடப்பாரை முனை குழாயில் பட்டால் கைக்குத் தெரிந்துவிடும். இயந்திரத்தின் வாளிக்கு அது தெரியாது. பெங்களூருவின் செம்மண்ணோ, உலர்ந்திருக்கையில் சுவர்போல் செங்குத்தாக நிற்கும். மழை இறங்கினால் சொல்லாமல் சரியும். குழியின் விளிம்பிலேயே மண்ணைக் குவித்து வைத்தால் கீழே நிற்கும் தொழிலாளியின் கதி என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

விதி இல்லாமலில்லை. எச்.எஸ்.ஆர். லேஅவுட் விபத்து நடந்த அதே மாதம் 22-ம் தேதி, தோண்டும் முன் தகவல் தருவதற்கான 'கால் பிஃபோர் யு டிக்' என்ற கைபேசிச் செயலியைப் பிரதமர் தில்லியில் தொடங்கி வைத்தார். ஒருங்கிணைப்பின்றித் தோண்டுவதால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று மத்திய அரசே அப்போது கூறியது. தோண்டுவோர் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்ற தொலைத்தொடர்பு விதியும் அதே ஆண்டுத் தொடக்கத்தில் வெளியானது. பெங்களூரு மாநகராட்சியும் அதற்கு முன்பே, சாலை வெட்டுவதற்குப் பல துறைகளையும் இணைக்கும் இணையவழி அனுமதி முறையைக் கொண்டு வந்திருந்தது. 2025-ல் மாநகராட்சி கலைக்கப்பட்டு, கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. வேடிக்கை என்னவென்றால், இத்தனை ஏற்பாடுகளும் அரசுத் துறைகளையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களையும் மனதில் வைத்தவை. தெருமுனையில் நிற்கும் வாடகை இயந்திரத்தைக் கைபேசியில் அழைக்கும் மனைக்காரரை அவை எட்டுவதில்லை.

எட்டச் செய்வது கடினமன்று. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை ஏற்றிச் செல்லும் லாரி, 2018 முதல், மின்வழிச் சீட்டு இல்லாமல் பொதுவாக நகர முடியாது. அதுபோல, செயலியில் அறிவித்ததற்கான எண்ணைக் காட்டாத மனைக்கு இயந்திரம் போகக் கூடாது. வாடகை ரசீதிலும் அந்த எண் இருக்க வேண்டும். அடித்தளத் தளம் தோண்டுவதாயின் அண்டை வீட்டாருக்கு எழுத்துமூலம் தெரிவித்த நகலும் உடன் வேண்டும். நான் வேண்டாம் என்றால் இன்னொருவன் போவான் என்பதே சிறு உரிமையாளர்களின் நியாயமான அச்சம். விதி எல்லோருக்கும் ஒன்றானால் அந்த அச்சத்துக்கு இடமிராது. சக்கரம் பூண்ட இயந்திரங்கள் ஏற்கெனவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவானவை என்பதால், மீறுவோரைக் கண்டறியப் புதிய துறை எதுவும் தேவைப்படாது.

வாடகையின் முதல் ஒரு மணி நேரத்தை, ஆட்களைக் கொண்டு கையால் சிறு சோதனைக் குழி வெட்டிப் பார்க்க ஒதுக்கலாம். மனைக்காரருக்கு அதனால் ஆகும் கூடுதல் செலவு, உடைந்த குழாய்க்கான இழப்பீட்டோடு ஒப்பிடுகையில் மிகச் சொற்பம்.