புல்வெட்டி பிளேடும் சாணைக்கல் நம்பிக்கையும்

புல் பொடிப்பொடியாக விழ வேண்டுமா? பிளேடைச் சவரக்கத்திக் கூருக்குத் தீட்டு. அதுவும் போதவில்லையா? குறுக்கே இன்னொரு பிளேடைப் பூட்டு, விளிம்பில் பல் வெட்டு. புல்வெட்டியை விற்பவர், வாங்கியவர், சாணை பிடித்துக் கொடுப்பவர் மூவரும் சொல்லிவைத்தாற்போல் சொல்லும் யோசனை இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டு லானில் ஓடும் சுழல் புல்வெட்டி வேலை செய்யும் விதமே வேறு.

முதலில் பல் வெட்டும் யோசனை. கருக்கரிவாளில் பல் இருப்பது உண்மை. அறுப்பவரின் இடது கை தாளை இறுகப் பிடித்திருக்க, வலது கை அரிவாளை இழுக்கிறது. பிடியும் இழுப்பும் சேர்ந்தால்தான் அந்தப் பல்லுக்கு வேலை. புல்வெட்டிக்குள் இடது கை கிடையாது. அடியில் மண்ணைப் பிடித்துக்கொண்டு நுனியில் ஆடும் புல்லை பிளேடு அறுப்பதில்லை, அடித்து வெட்டுகிறது. புல் வளைந்து விலகுவதற்குள் பிளேடு அதைக் கடந்துவிட வேண்டும். அதற்குத் தேவை வேகம். 53 செ.மீ. பிளேடு நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் அதன் முனை விநாடிக்கு 83 மீட்டர் போகிறது, அதாவது மணிக்குச் சுமார் 300 கி.மீ. சரி, வேகத்தையே இன்னும் கூட்டிவிடலாமே என்றால், ஒரு கல் தெறித்தால் என்ன ஆகும் என்று யோசித்தவர்கள் ஏற்கெனவே கோடு போட்டுவிட்டார்கள். அமெரிக்கத் தரநிலைப்படி முனை வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக் கூடாது. நாம் பார்த்த பிளேடு அந்த எல்லைக்கு அருகில்தான் ஓடுகிறது.

அடுத்தது, பிளேடின் விளிம்பு நெடுகக் கூர் இருந்தால்தான் நன்றாக வெட்டும் என்ற எண்ணம். இதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் நடக்கிறீர்கள்; விநாடிக்கு 111 செ.மீ. அதே விநாடியில் பிளேடு 50 சுற்று சுற்றுகிறது. இரண்டு முனை, ஆக 100 வெட்டு. ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையில் இயந்திரம் நகர்வது ஒரு செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். அப்படியானால் நிற்கும் புல்லை முதன்முதலாகத் தொடுவது ஒவ்வொரு முனையிலும் கடைசி ஒரு செ.மீ.தான்! பழைய பிளேடைக் கழற்றிப் பாருங்கள், தேய்மானம் முனையில்தான் அதிகம் தெரியும். நடுப்பக்கம் பல சமயம் பெயின்ட்கூடப் போகாமல் இருக்கும். சாணைக்காரர் அந்த நடுப்பகுதியைத் தீட்ட எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

பின் பொடி எப்படி வருகிறது? முதல் வெட்டில் விழும் துண்டின் நீளத்தை பிளேடு தீர்மானிப்பதே இல்லை. 9 செ.மீ. புல்லை 6 செ.மீ. உயரத்தில் வெட்டினால் கூர் எதுவானாலும் துண்டு 3 செ.மீ.தான். அந்தத் துண்டு தரையில் விழாமல், பிளேடைக் கவிந்திருக்கும் மூடிக்குள்ளேயே சுற்றி, மறுபடி மறுபடி அடிபட்டால்தான் பொடியாகும். அதைச் சுற்றவைப்பது காற்று. பிளேடின் பின்விளிம்பு மேல்நோக்கி வளைந்திருப்பது அதற்காகத்தான். வளைவு அதிகமானால் காற்று பலமாக எழுந்து துண்டுகளைப் புல் சேரும் பைக்குள் தள்ளிவிடும். பை நிறையும், பொடி கிடைக்காது. பொடியாக்குவதற்கென்றே செய்த பிளேடில் வளைவு ஒரே மாதிரி இருக்காது. ஓரிடம் காற்றை மேலே ஏற்றும், இன்னோரிடம் கீழே அழுத்தும். மூடியும் குவிந்திருக்க வேண்டும், பக்கவாட்டு வாயை அடைத்திருக்க வேண்டும். வாய் திறந்த மூடிக்குள் என்ன பிளேடு மாட்டினாலும் முழுத் துண்டுகள்தான் வெளியே வரும். ஈரப் புல்லில் இன்னும் மோசம். துண்டுகள் மூடியின் உட்புறத்தில் அடையாக ஒட்டிக்கொண்டு காற்று சுற்ற இடம் இல்லாமல் செய்துவிடும்.

இரட்டை பிளேடுக்காரர்கள் ஹோண்டாவை எடுத்துக்காட்டுவார்கள். ஹோண்டாவின் சில மாடல்களில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பிளேடு உண்டு, பொடியாகவும் வெட்டும். ஆனால் அங்கே கீழே வெட்டிய துண்டு மேலே எழும்போது வேறொரு உயரத்தில் மறுபடி வெட்டுப்படும்படி பிளேடும் மூடியும் சேர்த்தே வடிவமைக்கப்பட்டவை. சாதாரண இயந்திரத்தில் குறுக்கே இன்னொன்றைப் பூட்டினால் என்ஜினுக்குச் சுமை ஏறுகிறது, சுற்று இறங்குகிறது, முனை வேகம் குறைகிறது. வெட்டின் எண்ணிக்கை கூடி, வெட்டும் அடி தளர்ந்துபோகும். ஆபத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சவரக்கத்திக் கூருக்கு வருவோம். கூரே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மொக்கை பிளேடு புல்நுனியைக் கிழித்துவிடும். ஓரிரு நாளில் நுனி வெளுத்து, லான் முழுக்கப் பழுப்புப் படிந்தாற்போல் தெரியும். கொரியன் புல்லின் முரட்டு இலையில் இது இன்னும் சீக்கிரம் கண்ணில் படும். ஆனால் பிளேடின் கூர்க்கோணத்தை 30 பாகையை ஒட்டி வைப்பதற்குக் காரணம் உண்டு. அதைவிட மெலிந்த விளிம்பு மணலிலும் சரளையிலும் பட்டதுமே மடிந்துவிடும். எஃகை இன்னும் கடினமாக்கலாமே என்பார்கள். கடினம் கூடினால் எஃகு நொறுங்கும். அரம் போட்டுத் தேய்க்க முடிகிற அளவுக்கு பிளேடு மிருதுவாக இருப்பது தயாரிப்பாளரின் கஞ்சத்தனத்தால் அல்ல. இரும்புக் குழாயில் மோதினால் வளைய வேண்டும், சிதறிக் காலில் பாயக் கூடாது என்பதால்தான். சாணை பிடித்து வந்ததும் பார்க்க வேண்டியது நகத்தில் கூர் அல்ல, சமநிலை. நடுத் துளையை ஓர் ஆணியில் மாட்டி, எந்தப் பக்கம் தாழ்கிறது என்று பாருங்கள். தாழ்கிற பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதற்கு என் ஊகம்: கோல்ஃப் மைதானம். அங்கே பச்சைத் திடலில் ஓடுவது உருளைப் புல்வெட்டி, அதன் கதை வேறு. இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில் எட்வின் பியர்டு பட்டிங் 1830இல் காப்புரிமை பெற்ற முதல் புல்வெட்டி உருளை வகை. கம்பளித் துணியின் பிசிறைக் கத்தரிக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்துச் செய்தது. சுழலும் உருளையில் சுருள் பிளேடுகள், கீழே அசையாத ஓர் அலகு. புல் இரண்டுக்கும் நடுவே கத்தரிபடுகிறது. அரிவாளுக்கு இருந்த இடது கை இங்கே திரும்பக் கிடைத்துவிட்டது. அதனால் இங்கே கூரும் பேசும், எண்ணிக்கையும் பேசும். ஒரு கத்தரிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் இயந்திரம் நகரும் தூரம், வெட்டும் உயரத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்பது கணக்கு. சுமார் 3 மி.மீ. உயரத்தில் வெட்டும் பச்சைத் திடலுக்கு 11 பிளேடு உருளை கேட்பது அதனால்தான். அங்கே வேலை செய்பவர்கள் உருளையைப் பின்னோக்கிச் சுற்றவிட்டு அரைப்புப் பசை தடவித் தீட்டுவார்கள். பிறகு ஒரு காகிதக் கீற்றைக் கொடுத்து, உருளையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுத்தமாக நறுக்குகிறதா என்று பார்ப்பார்கள். அவர்கள் அநேகமாகத் தினமும் வெட்டுகிறவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதே உருளையைப் பத்து செ.மீ. வளர்ந்த அருகம்புல்லில் விட்டால், பதினொரு பிளேடும் புல்லைச் சாய்த்துவிட்டு அதன்மேல் ஏறிப் போகும்.