வீல்சேருக்கும் சர்வீஸ் வேண்டும்

வீட்டில் கம்ப்யூட்டர் மெதுவானால் நாம் சும்மா இருப்பதில்லை. தேவையில்லாத ஃபைல்களை அழிக்கிறோம், வைரஸ் ஸ்கேன் ஓட்டுகிறோம், சி.பி.யு.வைத் திறந்து ஃபேனில் படிந்த தூசியைத் தட்டுகிறோம். அதே வீட்டில் ஒரு வீல்சேர் இருந்தால்? இன்ஜினியரிங் படித்து, சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் நான் மூன்று வருடம் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அப்பாவுக்கு முதுகுத்தண்டில் அடிபட்டதில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கைகளில் நல்ல பலம். கட்டிலில் இருந்து தானே வீல்சேருக்கு மாறி, வாசல் வரை உருட்டிக்கொண்டு போய் பேப்பர் படிப்பார். திடீரென்று அதை நிறுத்திவிட்டார். கேட்டால், "அசதியா இருக்குடா" என்றார். வயதாகிறது என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஒரு நாள் காலை அவர் கட்டிலில் இருந்து மாறும்போது, பிரேக் போட்டிருந்தும் வீல்சேர் நழுவியது. அப்பா தரையில் விழுந்தார். முழங்கையில் சிராய்ப்போடு தப்பித்தது எங்கள் நல்ல நேரம்.

பிரேக் லூஸ் என்று நானே முடிவு செய்து, நட்டைத் தளர்த்தி, பிரேக்கை டயருக்கு இன்னும் நெருக்கமாகத் தள்ளி முறுக்கினேன். இரண்டே வாரத்தில் மறுபடி நழுவியது. எரர் மெசேஜை மட்டும் மறைத்துவிட்டு, பக் சரியாகிவிட்டது என்று மெயில் அனுப்புகிற ஆள் செய்த வேலைதான் அது. தெருமுனை சைக்கிள் கடைக்காரர் வந்து டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார். "காத்தே இல்லையே தம்பி!"

சாதாரண வீல்சேரில் பிரேக் என்பது டயரை அழுத்திப் பிடிக்கும் ஒரு கம்பி, அவ்வளவுதான். காற்று குறைந்தால் டயர் உள்வாங்கும், பிடி போய்விடும். அதே டயரை உருட்டவும் அதிக பலம் வேண்டும். அப்பாவின் அசதிக்கும் அதுவே காரணம். காற்றடித்த மறுநாள் வாசலில் பேப்பரோடு இருந்தார். "ரெண்டு மாசமாவே கனமாத்தான் இருந்துச்சு. உன்னை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன்" என்றார். வண்டியில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்காமலே நான் ஸ்பேனரை எடுத்திருக்கிறேன்!

அதன்பிறகுதான் மற்றவற்றையும் கவனித்தேன். முன்பக்கச் சிறு சக்கரங்களின் அச்சில் தலைமுடியும் நூலும் கயிறு போலச் சுற்றியிருந்தன. அம்மா நல்ல எண்ணத்தில் விட்ட தேங்காய் எண்ணெயில் தூசி ஒட்டி, பிசினாகியிருந்தது. ஃபுட்ரெஸ்ட் வேண்டியதைவிட உயரத்தில் இருந்தது. இது சின்ன விஷயம் இல்லை. ஃபுட்ரெஸ்ட் உயர்ந்தால் முழங்கால் மேலே தூக்கும், தொடை தாங்க வேண்டிய எடையும் உட்காரும் எலும்பிலேயே இறங்கும். உணர்ச்சி இல்லாதவருக்கு அங்கே புண் வந்தாலும் வலி தெரியாது. அதனால் இதை மட்டும் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கும்போது சரி செய்தேன். தொடை முழுவதும் குஷனில் படிய வேண்டும், தரைக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். ஸ்பேனர் வேலை ஐந்து நிமிடம்தான். ஃப்ரேமில் விரிசல் என்றால் நாம் கை வைக்கக் கூடாது, அதில் யாரும் உட்காரவும் கூடாது.

பேட்டரி வீல்சேர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் இருப்பது லெட் ஆசிட் பேட்டரி என்றால், உங்கள் யு.பி.எஸ். பேட்டரியைப் போலத்தான். சார்ஜ் இறங்கிய நிலையில் நாள்கணக்கில் போட்டுவைத்தால் கெட்டுவிடும்.

எங்களுக்கு விற்ற கடையில் மடக்குவது எப்படி என்று காட்டினார்கள், பில்லைக் கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட வழிகாட்டி, வீல்சேர் வழங்குவதை எட்டுப் படிகளாகப் பிரிக்கிறது. ஏழாவது, பயன்படுத்துபவருக்குப் பயிற்சி. எட்டாவது, தொடர்ந்து கவனிப்பதும் பராமரிப்பும் ரிப்பேரும். எங்களுக்கு இந்த இரண்டும் கிடைக்கவே இல்லை. ஒரு மவுஸ் வாங்கினால்கூட எத்தனை மொழியில் பேப்பர் வைக்கிறார்கள்! வீல்சேரோடு தமிழில் ஒரே ஒரு தாள், கடையில் பத்து நிமிட விளக்கம். இதைக் கேட்டு வாங்குங்கள். விழாவில் வீல்சேர் தானம் செய்பவர்கள், கூடவே ஒரு காற்றடிக்கும் பம்பும் ஸ்பேனரும் கொடுக்கலாம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் டயரை அழுத்திப் பார்ப்பது அப்பாவின் வேலை, பம்ப் அடிப்பது என் வேலை. டயர் ஓரத்தில் எவ்வளவு காற்று வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறது. அதை அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துச் சொல்கிறார். போன வாரம் இடது பக்கம் பஞ்சர். சைக்கிள் கடைக்குப் போகாமல் நாங்களே ஒட்டினோம். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.