களிம்பும் சான்றே!

தமிழ்நாட்டு ஊர்ப்புறத்தில் குழி தோண்டுகையில் செப்புத் திருமேனி ஒன்று வெளிப்படுமாயின், அடுத்த நாழிகையிலேயே புளியும் சாம்பலும் வந்துவிடுகின்றன. மண் கழுவப்படுகின்றது, பச்சைக் களிம்பு தேய்த்தெடுக்கப்படுகின்றது, பளபளப்பேறியதும் மாலை சூட்டி விளக்கேற்றி ஊரார் கைகுவித்து நிற்கின்றனர். அன்பினால் செய்யும் செயலே அது, ஐயமில்லை. ஆயினும், பல நூற்றாண்டுகளாக அத் திருமேனி தன்மேல் பொதிந்து வைத்திருந்த வரலாறு அந்த ஒரு நாழிகையில் சாய்க்கடையோடு போய்விடுகின்றதென எடுத்துரைப்பார் இல்லை.

அழுக்கென்று கழுவப்படும் மண்ணுக்கு என்ன மதிப்பு என வினவுவோர் பத்தூர் ஆடவல்லானை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இன்றைய திருவாரூர் மாவட்டத்துச் சிற்றூராகிய பத்தூரில், பாழடைந்து கிடந்த சிவன் கோயிலருகே 1976-ஆம் ஆண்டு மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது அத் திருமேனி. கள்ளத்தனமாகக் கைமாறிக் கடல் கடந்தது. 1982-இல் கனடா நாட்டு எண்ணெய்க் குழுமமொன்று அதனை இலண்டனில் விலைக்கு வாங்கிற்று; காவல்துறை கைப்பற்றிற்று; வழக்கெழுந்தது. இலண்டனில் இருப்பதும் பத்தூரில் கிடைத்ததும் ஒன்றேயா என்பதே அறமன்றின்முன் நின்ற பெருவினா. வாங்கியவர் தரப்பு எளிதில் ஒப்புமா? அப்பொழுது பேசியவை ஏடுகளல்ல. திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணும், கறையான் ஊர்ந்த தடமும், மாழையின் கூறும் வல்லுநரால் ஆராயப்பட்டு, பத்தூரில் கிடைத்த பிற திருமேனிகளோடு ஒப்பிடப்பட்டன. 1988-இல் கோயிலின் பக்கம் தீர்ப்பாயிற்று. 1991-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. அவ்வாண்டே ஆடவல்லான் தாயகம் திரும்பினார். கறையான் தமிழர்க்காகச் சான்று பகர்ந்தது! ஓலைச்சுவடிகளைத் தின்று செய்த தீங்குக்கு ஒருவாறு ஈடு செய்ததெனலாம். பத்தூரிலேயே எவரேனும் புளியிட்டுத் துலக்கியிருப்பின் அம் மண்ணும் இல்லை, அத் தடமும் இல்லை.

களிம்பு என்பது வெறும் அழுக்கன்று. செம்பு மிகுந்த மாழை மண்ணில் புதைந்து கிடக்கையில் ஈரத்தோடும் காற்றோடும் வினைபுரிந்து, முதலிற் செந்நிறப் படலமும் அதன்மேற் பச்சைப் படலமுமாக அடுக்கடுக்காய் வளர்கின்றது. நேற்று வார்த்துக் காடிநீரில் ஊறவைத்த போலியில் அப் பச்சை மேற்பூச்சாகவே நிற்கும். நுண்ணோக்கி இவ்விரண்டையும் வேறுபிரித்துக் காட்டிவிடும். வெளிர்பச்சைப் பொடியாக உதிரும் ஒருவகைக் களிம்பு மட்டும் மாழையையே அரிக்கும் நோயாகும். உப்பின் கூறாகிய குளோரினால் வரும் அந் நோய்க்கு மருத்துவம் வேண்டும்; அம் மருத்துவம் வேதியியல் அறிந்தாரால் செய்யப்படல் வேண்டும். சென்னை அருங்காட்சியகத்தில் 1930-ஆம் ஆண்டிலேயே இதற்கென ஆய்வுக்கூடம் தோன்றிற்று. வேதியியலறிஞர் பரமசிவன் அங்கிருந்து தஞ்சைப் பெரிய கோயிற் சுவரோவியங்களின் வண்ணத்தையும் சுண்ணத்தையும் ஆராய்ந்தார். வழிகாட்டுவார் இல்லாமற் போகவில்லை. வழி நடப்பாரே குறைவு.

இனி, மாழைக்குள்ளே நோக்குவோம். கோயில்தோறும் ‘ஐம்பொன்’ என்று பெருமையாகச் சொல்லப்படுகின்றது. ஆய்வு காட்டுவது வேறு. 1990-களில் சாரதா சீனிவாசன் தென்னாட்டுத் திருமேனிகள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவை செம்பும் வெள்ளீயமும் ஈயமும் கலந்த கலவையாகவே இருந்தன. பொன்னும் வெள்ளியும் துளியளவே. இதனாற் பெருமை குன்றிவிடுமோ? குன்றாது. உருகிய மாழை விரலிடுக்கிலும் சடைநுனியிலும் தடையின்றி ஓடி நிரம்புவதற்கு ஈயம் துணையென்பதை அறிந்து கலந்தவன் கம்மியன். அவன் அறிவே உண்மைப் பொன்.

அவ் ஈயமே காலத்தையும் காட்டிக் கொடுக்கின்றது. ஈயத்திற்கு 204, 206, 207, 208 என நான்கு நிலைத்த ஓரிடத்தான்கள் உள்ளன. அவற்றின் விகிதம் கனிமத்துக்குக் கனிமம் வேறுபடும்; உருக்கினும் வார்ப்பினும் அது மாறுவதில்லை. கைரேகை போன்ற இக் குறியைக் கொண்டே, சோழர் காலத்தனவெனக் கருதப்பட்ட ஆடவல்லான் படிமங்கள் சில பல்லவர் காலத்தனவாகலாம் என்று அவ் அம்மையார் நிறுவ முற்பட்டார். தமிழர் கலை வரலாற்றின் தொடக்கத்தையே பின்னோக்கி நகர்த்தும் இக் கருத்து, தமிழில் எத்துணைப் பேரால் எழுதப்பட்டது, எத்துணைப் பேரால் எதிர்த்தேனும் வழக்காடப்பட்டது?

புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எடுத்து வைத்த நிழற்படங்களால் களவுபோன திருமேனிகள் சில அடையாளம் காணப்பட்டன. ஆனால் நிழற்படம் உருவத்தை மட்டுமே காட்டும். உருவத்தைப் போலியும் ஒத்திருக்கும். மாழையின் கூறும் எடையும் களிம்பின் தன்மையும் கோயில்தோறும் பதிந்து வைக்கப்படல் வேண்டும். கையிலேந்தும் ஊடுகதிர்க் கருவி, திருமேனியைச் சுரண்டாமலே கூறுகளைக் காட்டும். ஆனால் அது மேற்பரப்பையே படிப்பது; களிம்பைப் படித்துவிட்டு அதனையே மாழையின் கணக்கென்று எழுதும் கல்லாதார் கையில் அது தகாது. எனவே கருவியோடு, அதனைக் கற்ற தமிழ் இளைஞரும் வேண்டும். குடமுழுக்குத் திருப்பணிகளுக்குத் திரட்டும் பொருளில் சிறுபங்கு இதற்குப் போதும்.

புதையலாகக் கிடைக்கும் திருமேனியைக் கழுவாமல், ஒட்டிய மண்ணோடு தூய துணியிற் சுற்றி, கிடந்த ஆழத்தையும் உடன் கிடந்த ஓட்டையும் கல்லையும் குறித்துக்கொண்டு, 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டப்படி மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் ஊராரால் இயல்வதே. புளி குழம்புக்கு இருக்கட்டும்.