செய்தவர் யார்? – கைபேசி ஊகங்களை முன்வைத்து

கூகுள் நிறுவனத்தின் அடுத்த முதன்மைக் கைபேசியைச் செய்து கொடுக்கப்போவது யார் என்ற ஊகம், 2010 தொடங்கி ஏழெட்டு ஆண்டுகள் ஒரு திருவிழாவைப்போல நடந்துவந்தது. எச்டிசியா, சாம்சங்கா, எல்ஜியா என்று மாதக்கணக்கில் வாதிட்டார்கள். பெஞ்ச்மார்க் பட்டியல்களில் கசிந்த எண்களைப் படித்தார்கள். ஆண்ட்ராய்ட் மூலநிரலில் எங்கோ ஒளிந்திருக்கும் மீனின் பெயரைக் கண்டுபிடித்து, அந்த மீன் எந்த நிறுவனத்தின் வலையில் விழுந்தது என்று துப்பறிந்தார்கள். இலக்கியம் படிப்பவர்களுக்கு இதெல்லாம் வேலையற்றவர்களின் சூதாட்டம். "எவன் செய்தால் என்ன, ஃபோன் ஃபோன்தானே" என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவதில் ஒரு மேட்டிமைச் சுகமும் இருக்கிறது.

அந்த ஒற்றை வரியை மறுப்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஊகக்காரர்கள் கேட்டது சரியான கேள்வி. அதைப் பாதி வழியில் நிறுத்திவிட்டார்கள் என்பது மட்டுமே அவர்கள்மேல் எனக்குள்ள புகார். "எவன் செய்தால் என்ன" என்பவர்களோ கேள்வியின் வாசலுக்கே வராதவர்கள். நூலின் ஆசிரியர் யார், பதிப்பித்தவர் யார், பாடபேதம் எந்த ஏட்டிலிருந்து வந்தது என்று ஒரு நூற்றாண்டாகச் சண்டையிட்டுவரும் ஒரு மரபின் வாசகர்கள் இதைச் சொல்வதுதான் வியப்பு.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2010 ஜனவரியில் வந்த நெக்ஸஸ் ஒன் எச்டிசியின் கைவேலை. அதே ஆண்டு இறுதியில் வந்த நெக்ஸஸ் எஸ், மறு ஆண்டின் கேலக்ஸி நெக்ஸஸ் இரண்டும் சாம்சங். 2012இல் நெக்ஸஸ் 4, 2013இல் நெக்ஸஸ் 5 ஆகியவை எல்ஜி. 2014இல் நெக்ஸஸ் 6 மோட்டோரோலா. 2015இல் 5எக்ஸ் எல்ஜிக்கும் 6பி ஹுவாவேக்குமாகப் பிரிந்தது. ஆறு ஆண்டுகளில் ஐந்து நிறுவனங்கள். ஆண்டுதோறும் ஊகம் பிறந்ததற்குக் காரணம் இந்தச் சுழற்சிதான். இந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நெக்ஸஸ் 5இன் முதுகில் நெக்ஸஸ் என்ற சொல்லும் இருந்தது, கீழே எல்ஜியின் முத்திரையும் இருந்தது. 6பியின் முதுகில் ஹுவாவே என்று எழுதியிருந்தது. மென்பொருள் ஒருவருடையது, உடல் இன்னொருவருடையது என்பதை வாங்குபவர் கையில் எடுத்த கணமே அறிந்தார்.

2016இல் பிக்ஸல் வந்தபோது இது மாறியது. கூகுள் தயாரித்தது என்பதே விளம்பர வாசகமாயிற்று. முதுகில் ஒற்றை எழுத்து, ஜி. செய்து கொடுத்தது எச்டிசி. சங்கேதப் பெயர் செயில்ஃபிஷ், நம் கடற்கரைகளில் மயில்மீன் என்கிறார்களே, அது. எச்டிசி என்ற பெயர் கைபேசியின் உடலில் எங்கும் இல்லை. ஹுவாவேயிடம் முதலில் கேட்டதாகவும், தன் முத்திரை இல்லாமல் செய்துதர ஹுவாவே மறுத்ததாகவும் அப்போது செய்திகள் வந்தன. அது எவ்வளவு உண்மையோ, பெயரை விட்டுக்கொடுப்பதுதான் அந்தப் பேரத்தின் விலை என்பதைத் துறையில் இருந்த எல்லோரும் புரிந்துகொண்டிருந்தார்கள்.

அப்படியும் பெயர் முழுவதும் அழிந்துவிடவில்லை. அமெரிக்காவில் வானலை வீசும் எந்தக் கருவியும் தகவல் தொடர்பு ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். அந்தப் பதிவெண்ணின் முன்னொட்டு விண்ணப்பித்த நிறுவனத்தைக் குறிப்பது. என்எம்8 என்றால் எச்டிசி, இசட்என்எஃப் என்றால் எல்ஜி. கைபேசியின் அமைப்புகளுக்குள் நான்கைந்து படி இறங்கிச் சென்றால் இந்த எண் கிடைக்கும். அதிகாரிக்குத் தெரியலாம், வாங்குபவருக்குத் தெரிய வேண்டியதில்லை என்ற ஏற்பாடு. ஊகக்காரர்கள் செய்ததெல்லாம் இந்தச் சங்கேதத்தைப் பொதுமக்களுக்காக வாசித்துக் காட்டியதுதான்.

அது வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதற்கு 2017 சாட்சி. அந்த ஆண்டு எச்டிசி செய்துவந்த மஸ்கி என்ற பெரிய கைபேசி கைவிடப்பட்டது, அதன் இடத்தில் எல்ஜியின் டைமென் வருகிறது என்று கோடைக்காலம் முழுக்கப் பேச்சு. அக்டோபரில் இரண்டு கைபேசிகள் ஒரே மேடையில் ஒரே பெயரோடு வெளிவந்தன. பிக்ஸல் 2, விலை 649 டாலர். பிக்ஸல் 2 எக்ஸ்எல், விலை 849 டாலர். அண்ணன் தம்பி என்றே எவரும் நினைப்பார்கள். சிறியதைச் செய்தது எச்டிசி, அதில் இருந்தது சாம்சங்கின் திரை. பெரியதைச் செய்தது எல்ஜி, அதில் இருந்தது எல்ஜியின் ஓலெட் திரை. விற்பனைக்கு வந்த சில நாட்களிலேயே பெரியதன் திரையில் புகார்கள் குவிந்தன. சற்றே சாய்த்துப் பார்த்தால் நீலம் பூக்கிறது, கீழ்ப்பகுதிப் பொத்தான்களின் நிழல் திரையில் படிந்துவிடுகிறது, நிறங்கள் மங்கியிருக்கின்றன என்றார்கள். இது பிற உயர்விலைக் கைபேசிகளின் திரையை ஒத்ததே என்றது கூகுள். ஆயினும் அந்த மாதம் முடிவதற்குள் உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகளாக நீட்டித்தது.

200 டாலர் கூடுதலாகக் கொடுத்தவருக்குக் குறைந்த திரை. பெட்டியைப் பார்த்தோ முதுகைப் பார்த்தோ இதை அவர் அறிந்திருக்க முடியாது, ஏனெனில் இரண்டின் மேலும் ஒரே எழுத்துதான். அறிந்திருந்தவர்கள் யார்? வேலையற்றவர்கள் என்று நாம் பழித்த அந்த ஊகக்காரர்கள். டைமென் எல்ஜியுடையது, திரையைக் கவனித்து வாங்குங்கள் என்று சொல்லும் நிலையில் அவர்கள் மட்டுமே இருந்தார்கள். "எவன் செய்தால் என்ன" என்ற வரிக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

இதற்கு ஒரு பதில் வாதம் உண்டு. கற்பனை செய்தவர் கூகுள், மென்பொருள் எழுதியவர் கூகுள், ஆகவே ஆசிரியர் அவரே. மற்றவர்கள் அச்சுக்கோத்தவர்கள், கட்டடம் தைத்தவர்கள். நாவலின் அட்டையில் அச்சகத்தின் பெயரையா போடுகிறோம் என்று கேட்பார்கள். அட்டையில் போடுவதில்லை, உள்ளே போட்டோம். 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் புத்தகங்கள் பதிவுச் சட்டம், இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும் இருந்தாக வேண்டும் என்றது. வெள்ளை அரசு அதைச் செய்தது வாசகன் மேலுள்ள அன்பினால் அல்ல, கண்காணிக்கத்தான். ஆனால் அதன் பயனாகக் குஜிலிக்கடையில் காலணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகம்கூட எந்தத் தெருவின் எந்த அச்சகத்தில் பிறந்தது என்பதை இன்று நாம் அறிகிறோம். 2024இல் அந்தச் சட்டம் போய்ப் புதியது வந்துவிட்டது, பழக்கம் இன்னும் போகவில்லை. அதற்கும் முன்னால், ஏட்டுச்சுவடியின் கடைசி ஏட்டில் எழுதியவர் தன் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறித்து, பிழை பொறுக்கும்படி வேண்டுவதும் வழக்கம். மூலத்தை இயற்றியவர் கம்பராக இருக்கலாம். பிழைக்குப் பொறுப்பு ஏடெழுதியவருடையது, அதை அவர் மறைக்கவில்லை.

எண்ணூறு டாலர் கருவிக்கு இந்தக் காலணா மரியாதையைக் கேட்பது அதிகமா? இந்தியாவில் 2011இன் பொட்டலப் பொருள் விதிகள் பெட்டியின்மேல் தயாரித்தவரின் பெயரையும் முகவரியையும் கேட்கின்றன, உண்மைதான். இறக்குமதியான பொருளுக்கு இறக்குமதி செய்தவர் பெயர் போதும் என்று அதே விதி கதவையும் திறந்து வைத்திருக்கிறது.

கூகுளின் தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு, அது பொறுப்பைப் பற்றியது. தானே மீண்டும் மீண்டும் அணைந்து எழுவது, மின்கலம் பாதியிலேயே உயிர்விடுவது ஆகிய குறைகளுக்காக நெக்ஸஸ் 6பி வாங்கியவர்கள் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். கூகுள், ஹுவாவே இரண்டையும் கூண்டில் ஏற்ற வேண்டியிருந்தது. 2019இல் 97.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. முதல் பிக்ஸலில் ஒலிவாங்கி பழுதான வழக்கும் அதே ஆண்டில் 72.5 லட்சம் டாலரில் முடிந்தது, அங்கே பிரதிவாதி கூகுள் மட்டுமே. ஒரு பெயர் இருந்தால் ஒரு கழுத்து, யாரைப் பிடிப்பது என்ற குழப்பம் இல்லை. இதை நான் ஏற்கிறேன். ஆனால் பொறுப்பை ஏற்பதற்கும் செய்தவனின் பெயரை அழிப்பதற்கும் தொடர்பு எதுவும் இல்லை. பதிப்பாளர் நட்டத்துக்குப் பொறுப்பேற்கிறார் என்பதற்காக அச்சகத்தின் பெயரைச் சுரண்டி எடுப்பதில்லை.

2018 தொடக்கத்தில் எச்டிசியின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொறியாளர்களை 110 கோடி டாலர் கொடுத்துக் கூகுள் தன்னிடம் சேர்த்துக்கொண்டது. 2021இல் எல்ஜி கைபேசித் தொழிலையே மூடிவிட்டது. பழைய ஊகத்துக்கு ஆள் இல்லாமல் போனது. ஊகம் சாகவில்லை, சில்லுக்குள் இறங்கிற்று. டென்சர் சில்லைச் சாம்சங்கின் ஆலையிலிருந்து தைவானின் டிஎஸ்எம்சிக்கு எந்த ஆண்டில் மாற்றுவார்கள் என்று இரண்டு மூன்று ஆண்டுகள் ஓயாத பேச்சு. 2025இல் பிக்ஸல் 10 வந்தபோதுதான் அது முடிந்தது. மணலிலிருந்து எழும் சில்லு வரை துருவிச் செல்லும் இந்தப் பொறுமை, கன்வேயர் பட்டையின் இருபுறமும் நிற்பவர்களிடம் மட்டும் ஏன் நின்றுவிடுகிறது? என் புகார் இங்கேதான் தொடங்குகிறது. "செய்வது யார்" என்ற வாக்கியத்துக்கு நிறுவனத்தின் பெயரைத் தவிர வேறு எழுவாய் இருக்கலாம் என்பதே அவர்களுக்குத் தோன்றவில்லை.

சூ லீஜி என்ற கவிஞர் நினைவுக்கு வருகிறார். குவாங்தோங் மாகாணத்தில் 1990இல் பிறந்தவர். ஷென்ஜென் நகரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்தவர். அங்கே 2010இல் தொழிலாளர்கள் ஒருவர்பின் ஒருவராக மாடியிலிருந்து குதித்து இறந்தது உலகச் செய்தியானது. திருகாணியையும் இரவுப் பணியையும் பற்றி அவர் எழுதிய கவிதைகள் ஆலையின் இதழிலும் வெளிவந்திருக்கின்றன. ஆலையை விட்டுப் போனவர் திரும்பி வந்து மீண்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். சில நாட்களில், 2014 செப்டம்பர் 30 அன்று, தற்கொலை செய்துகொண்டார். வயது 24. மறு ஆண்டு நண்பர்கள் கவிதைகளைத் தொகுத்து நூலாக்கினார்கள். கவிதைகளின் கீழ் அவர் பெயர் இருக்கிறது. அவர் கை பட்ட கருவிகளில் எதிலும் இல்லை. ஊகக்காரர்களின் நீண்ட பட்டியல்களில் ஃபாக்ஸ்கான் என்ற பெயரைக்கூட நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். அது முத்திரை இல்லாத நிறுவனம், ஆகவே ரசிகர்களும் இல்லாத நிறுவனம்.

அதே ஃபாக்ஸ்கானின் ஆலை ஒன்று ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருக்கிறது, ஐஃபோன்கள் அங்கே ஒன்றுசேர்க்கப்படுகின்றன. 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் உண்ட உணவு நஞ்சாகி, அவ்வாலையின் பெண் தொழிலாளர்கள் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் மற்ற பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் அமர்ந்தார்கள். ஆலை சில வாரங்கள் நின்றது. விடுதியின் நிலை ஆலையின் நிலை என்பதை ஆப்பிள் ஒப்புக்கொண்டு அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. அந்த மாதங்களில் உலகின் கைபேசிப் பக்கங்கள் அடுத்த ஐஃபோனின் கேமராவை யார் செய்வார்கள் என்பதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தன.

2024 ஆகஸ்டில் பிக்ஸல் 8 இந்தியாவில் உருவாகத் தொடங்கிவிட்டது என்று கூகுள் அறிவித்தது. நாட்டின் பெயரைப் பெருமையாகச் சொன்னார்கள். எந்த ஊர், எந்த ஆலை என்பதைச் செய்தித்தாள்கள் பெரும்பாலும் பெயர் சொல்ல விரும்பாத வட்டாரங்களை மேற்கோள் காட்டியே எழுத வேண்டியிருந்தது. அங்கு வேலை செய்யும் பெண்கள் எங்கே தங்குகிறார்கள், எத்தனை மணிக்கு உண்கிறார்கள் என்பதை அறிந்த வட்டாரம் எதையும் எவரும் தேடியதாகத் தெரியவில்லை.