குப்பை லாரியில் ஏற்றி அனுப்பிய ஊர்

ஜூலை மாதக் கடைசியில், கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் இருந்த ஆஃப்ரிக்வில் என்ற ஊரின் வாரிசுகள் பெட்ஃபோர்டு குடாக்கரைக்குத் திரும்புகிறார்கள். தாத்தா பாட்டியின் வீடு நின்ற இடம் இப்போது பூங்கா. அங்கேயே கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். 1980களில் தொடங்கிய இந்த ஒன்றுகூடலை ஹாலிஃபாக்ஸ்காரர்களான நாங்கள் கோடைத் திருவிழாக்களில் ஒன்றாகவே பார்த்துப் பழகிவிட்டோம். பாட்டுக் கேட்கிறோம், சாப்பிடுகிறோம், வீடு திரும்புகிறோம். சொந்த ஊருக்கு வந்தவர்கள் ஏன் கூடாரத்தில் படுக்கிறார்கள் என்று யோசிப்பதில்லை.

1848 முதல் கறுப்பினக் குடும்பங்கள் காசு கொடுத்து வாங்கிக் குடியேறிய நிலம் அது. மறு வருடமே தேவாலயச் சபையும் அமைந்தது. ஒரு காலத்தில் ஏறக்குறைய 400 பேர் இருந்தார்கள். நகரசபைக்கு வரியும் கட்டினார்கள். நகரம் அவர்களுக்குக் குடிநீர்க் குழாய் போடவில்லை, சாக்கடை கட்டவில்லை, தெருவுக்குத் தார் ஊற்றவில்லை. மற்ற பகுதிகளில் யாரும் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சம்மதிக்காதவற்றை மட்டும் அங்கே கொண்டுபோய் வைத்தது: சிறைச்சாலை, மலக்குழிகள், தொற்றுநோய் மருத்துவமனை, 1950களில் குப்பைமேடு. ரயில் பாதை ஊருக்குள்ளேயே புகுந்து போனது. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லி ஒரு பலகை நட்டதோடு எங்கள் அக்கறை தீர்ந்தது.

அப்புறம் நாங்களே நீதிபதி ஆனோம். தண்ணீர் சரியில்லை, சுகாதாரம் இல்லை, ஆகவே இந்த ஊர் இருக்கக் கூடாது. 1964 ஜனவரியில் நகரசபை அப்புறப்படுத்த முடிவெடுத்தது. முடிவெடுத்தவர்கள் வெறுப்பைக் கக்கியவர்கள் அல்லர். நகர்ப்புற மேம்பாடு, இன ஒருங்கிணைப்பு என்று நல்ல பெயர்கள் சொல்லித்தான் செய்தார்கள். எங்களுக்கு உறுத்தாமல் போனதற்கு அதுவும் காரணம். பத்திரம் காட்ட முடியாதவர்களுக்கு 500 டாலர். சாமான்களை ஏற்றிப்போக நகரசபை அனுப்பியது குப்பை லாரி. 1967இல் தேவாலயத்தை இரவோடிரவாக இடித்தார்கள். 1970இல் கடைசி வீடும் போனது.

பின்னால் வந்து குடியேறியவர்கள் 'அது எங்கள் காலத்துக்கு முன்னால் நடந்தது' என்கிறோம். நானும் அந்தக் கூட்டம்தான். ஆனால் இந்த நகரத்தின் குழாயும் சாலையும் பாலமும் எங்கள் காலத்துக்கு முன்னால் வந்தவைதானே? அவற்றை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை.

2010 பிப்ரவரியில் மேயர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். இடித்த தேவாலயத்தைப் போலவே ஒன்று கட்ட 30 லட்சம் டாலரும் கொஞ்சம் நிலமும் ஒதுக்கி உடன்பாடு செய்தார்கள். அது இன்று அருங்காட்சியகம். வீடிழந்த குடும்பங்களுக்குத் தனித்தனியாக இழப்பீடு என்று அந்த உடன்பாட்டில் ஒரு சதம்கூட இல்லை. கைதட்டியபோது அதை நாங்கள் கவனிக்கவில்லை. கவனித்தவர்களும் வாய் திறக்கவில்லை. வாரிசுகளில் சிலர் அந்த உடன்பாட்டை ஏற்க மறுத்தார்கள். 'மன்னிப்புக் கேட்டாயிற்றே, இன்னும் என்ன வேண்டுமாம்?' என்று அவர்கள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டோம். அவர்கள் கேட்டது வாங்கிய நிலத்துக்கும் இடித்த வீட்டுக்கும் உரிய விலை.